தற்செயல் என்று பெயர் வைத்த கிருமி

போன மாதம் ஒரு மத்தியானம் நிஷா போன் பண்ணினாள். தேனியில் நான் ஓய்வு பெறும்வரை இருந்த அதே லேபில் இப்போது அவள் டெக்னீஷியன். அங்கே புதிதாக ஒரு மெஷின் வந்திருக்கிறதாம். பாட்டிலில் வளர்ந்த கிருமியைத் துளி எடுத்து ஒரு தகட்டில் தடவி உள்ளே தள்ளினால், டீ குடித்துவிட்டு வருவதற்குள் அதன் பெயரைத் திரையில் காட்டிவிடுமாம்.

“பேரு வந்துருச்சுக்கா. ஆனா டாக்டர் வேற ஒண்ணு கேக்குறாக. இது அந்தப் பேஷன்ட்டுக்கு நோயா, இல்ல சும்மா எங்கிட்டிருந்தோ வந்து ஒட்டிக்கிட்டதான்னு. மெஷினு அதச் சொல்ல மாட்டேங்குது.”

“என்ன பேரு காட்டுச்சு?”

“ஃபார்ச்சுயிட்டம்.”

போனை இடது காதுக்கு மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். சீக்கிரம் முடிகிற பேச்சு இல்லை என்று தெரிந்துவிட்டது. அன்றைக்கு அவளுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே முதலிலிருந்து எழுதுகிறேன். அவளும் எழுதித் தரச் சொல்லிக் கேட்டாள்.

எனக்கு ஊர் பெரியகுளம் பக்கத்தில் வடுகபட்டி. அப்பாவுக்குப் பூண்டு மண்டியில் தரம் பிரிக்கிற வேலை. பிளஸ் டூ முடித்ததும் மதுரையில் லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்த்துவிட்டார். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நரம்பு கிடைக்காத கையில் ஊசி ஏற்றக் கற்றுக்கொண்டேன், இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டே மைக்ராஸ்கோப் பார்க்கக் கற்றுக்கொண்டேன், ஹாஸ்டல் சாம்பாரை அடியோடு வெறுத்தேன். முடித்த கையோடு தேனியில் ஒரு அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. கடைசிவரை அங்கேயே இருந்துவிட்டேன்.

முதல் பல வருஷங்கள் சளி ஸ்லைடுதான். கண்ணாடித் துண்டில் சளியைத் தடவி, சிவப்புச் சாயம் ஊற்றிச் சூடு காட்டி, அமிலத்தில் கழுவி, மேலே நீலச் சாயம் ஊற்றுவோம். மற்ற கிருமிகள் அமிலத்தில் சிவப்பை விட்டுவிட்டு நீலமாகிவிடும். காசநோய்க் கிருமி விடாது. நீலத் தரையில் சின்னச் சின்னச் சிவப்புக் குச்சிகளாகக் கிடக்கும். சிவப்புக் குச்சி என்றால் டிபி என்று எழுதிக் கையெழுத்துக்கு அனுப்புவேன். அதற்கு மேல் யோசிக்க எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியாது.

டாக்டர் ஏலியம்மா வந்தபிறகுதான் தெரிந்தது. கோட்டயம் பக்கத்துக்காரர். கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பிரிவை எங்கள் ஆஸ்பத்திரியில் தொடங்குவதற்காக வந்தார். குள்ளமான உருவம், கஞ்சி போட்ட காட்டன் சேலை, அதற்கு மேல் கை மடித்துவிட்ட வெள்ளைக் கோட்டு. தமிழை மதுரையில் படித்தபோது கற்றுக்கொண்டார். நன்றாகவே பேசுவார். ஆனால் ஒரு பாட்டிலைக் கையில் எடுத்துவிட்டால் மட்டும் மலையாளம் வந்துவிடும். “நோக்கட்டே” என்பார். கொஞ்சம் பார்க்கட்டுமா என்று அர்த்தம். சொல்லிவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, திருப்பி, மறுபடி சாய்த்து, வெகு நேரம் எதுவும் பேசாமல் பார்ப்பார். பக்கத்தில் நிற்கிறவர்களுக்குக் கால் வலிக்கும்.

வந்த முதல் வாரமே என்னிடம் சொன்னார்: “சிவப்புக் குச்சின்னா டிபி குடும்பம்னு மட்டும்தான் அர்த்தம், மல்லிகா. குடும்பத்துல எந்த ஆளுன்னு ஸ்லைடு சொல்லாது.” அந்தக் குடும்பம் ரொம்பப் பெரியது என்பதையும், அதில் பலதும் மண்ணிலும் ஓடைத் தண்ணீரிலும் குழாய்க்குள்ளும் யாருக்கும் தொந்தரவில்லாமல் வாழ்கின்றன என்பதையும் அவரிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். மனுஷ நுரையீரலுக்கு அவை வருவது அபூர்வம். வந்தால் பார்ப்பதற்கு டிபி மாதிரியே இருக்கும், டிபி மாத்திரைக்குச் சரியாக அடங்காது.

கிருமி வளர்க்க நாங்களே முட்டை உடைத்துத் தீவனம் தயாரிப்போம். முட்டையோடு உப்புகளும் பச்சைச் சாயமும் கலந்து, சின்ன பாட்டில்களில் ஊற்றிச் சாய்த்து வைத்து வேகவைத்தால், பச்சை நிறத்தில் சரிவாக உறைந்துவிடும். முட்டைத் தட்டுகளைச் சுமந்துகொண்டு நான் வருவதைப் பார்த்து, ஆஸ்பத்திரி கேன்டீனில் எனக்கும் பங்கு இருக்கிறது என்று வாட்ச்மேன் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார். காசநோய்க் கிருமி அந்தப் பச்சைச் சரிவில் வாரக்கணக்காக எடுத்துக்கொண்டு, காலிஃபிளவர் மாதிரி சொரசொரப்பாக மெல்ல எழுந்து வரும். அவசரமே கிடையாது அதற்கு.

டாக்டர் ஏலியம்மாவிடம் ஒரு கேள்வி இருந்தது. நாங்கள் எதையாவது உறுதியாகச் சொன்னால் உடனே கேட்பார். “இது உன் பதிலா, இல்ல உன் ஆசையா?” குரலை உயர்த்தவே மாட்டார். நாங்கள் போய்ப் பாட்டிலைத் திரும்ப எடுத்துப் பார்ப்போம்.

ஒரு கோடையில் அந்தக் கேள்வி எங்கள் எல்லோருக்கும் சேர்த்து வந்தது. போடி, கம்பம், கெங்குவார்பட்டி என்று வேறு வேறு ஊர்க்காரர்களுடைய சளி. எல்லா பாட்டிலிலும் ஒரே வாரத்துக்குள் வெள்ளையாக ஏதோ வளர்ந்துவிட்டது. சாயம் போட்டுப் பார்த்தால் சிவப்புக் குச்சி. டிபி இவ்வளவு வேகமாக வளராது. பள்ளத்தாக்கு முழுவதும் புதிதாக ஏதோ பரவுகிறது என்று வார்டில் பேச்சு கிளம்பியது. டாக்டர் ஏலியம்மா ஒரு ரிப்போர்ட்டையும் வெளியே விடவில்லை. லேபில் இருந்த ஒவ்வொரு குழாயிலும் தண்ணீர் பிடிக்கச் சொன்னார். சளியில் சேர்க்கும் கரைசலைக் கலக்க வைத்திருந்த தண்ணீர்க் கேனிலிருந்தும் பிடிக்கச் சொன்னார். சளியே இல்லாமல் வெறும் கரைசலை மட்டும் ஒரு பாட்டிலில் ஊற்றிச் சூட்டுப் பெட்டியில் வைத்தார். அதிலும் அதே வெள்ளை வளர்ந்தது.

அது யாருடைய நெஞ்சிலிருந்தும் வரவில்லை. அந்த வருஷம் மழை பொய்த்து, லாரித் தண்ணீர் தொட்டியில் ஏறி, அங்கிருந்து கேனுக்குள் வந்திருக்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு தடவை கல்ச்சர் போடும்போதும் சளி இல்லாத ஒரு குழாயையும் எல்லாவற்றோடும் சேர்த்து அதே மாதிரி செய்வோம். அதற்கு நாங்கள் வைத்த பெயர் ‘காலி பேஷன்ட்’. காலி பேஷன்ட்டுக்கு எதுவும் வளரக் கூடாது. வளர்ந்தால் தப்பு எங்கள் தண்ணீரில்.

பேச்சியம்மாள் வந்தது அதற்குப் பல வருஷம் கழித்து. டிபி இருக்கிறதா என்று அன்றைக்கே சொல்லிவிடுகிற ஜீன் மெஷின் அதற்குள் வந்திருந்தது.

பேச்சியம்மாளுக்கு நாற்பதை ஒட்டிய வயது. உத்தமபாளையத்துக்கு மேற்கே ஒரு ஊர். விடியுமுன்பு ஜீப்பில் ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்புகிறவர்களில் ஒருத்தி. வருஷக்கணக்காக இருமல். வேறு இடத்தில் பார்த்தபோது சளியில் சிவப்புக் குச்சி இருந்திருக்கிறது, எக்ஸ்ரேயிலும் கறை. ஆறு மாத மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நிற்கவில்லை என்று மறுபடியும் ஒரு தடவை கொடுத்திருக்கிறார்கள். கையில் இருந்த சோதனைகளை வைத்து யாராக இருந்தாலும் அப்போது அதைத்தான் செய்திருப்பார்கள். மூன்றாவதாக எங்கள் நெஞ்சு நோய் டாக்டர் செல்வகுமாரிடம் வந்தாள்.

ஸ்லைடில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்புக் குச்சி. ஜீன் மெஷின் டிபி இல்லை என்றது. நான் கல்ச்சர் போட்டேன். அந்த வாரம் முடியுமுன்பே பச்சைச் சரிவில் வெள்ளையாக, வழவழப்பாக வளர்ந்துவிட்டது. எனக்குப் பழைய கோடை ஞாபகம் வந்தது. ஓடிப்போய்க் காலி பேஷன்ட்டை எடுத்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அதே தட்டில் இருந்த மற்றவர்களின் பாட்டில்களும் சுத்தம்.

“நோக்கட்டே” என்று வாங்கிப் பார்த்தார் டாக்டர் ஏலியம்மா.

“அந்தம்மா வீட்டுல வாய் கொப்புளிச்ச தண்ணியில இருந்து வந்துருக்கும், மேடம்” என்றேன்.

“பதிலா, ஆசையா?”

நான் ரிஜிஸ்டரில் அவள் பக்கத்தைத் திருப்பினேன்.

“இருக்கலாம். பாதிக்கு மேல அப்படித்தான் இருக்கும். வேற நாள்ல இன்னொரு சளி வாங்கு.”

இரண்டாவது சளியிலும் அதே வெள்ளை. இந்தத் தடவை அதற்குப் பெயர் கண்டுபிடிக்க உட்கார்ந்தோம். சென்னைக்கு ஒரு பங்கு அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை டாக்டர் தனக்குத் தெரிந்த பழைய வழிகளில் பார்த்தார். அதில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். வளர்ந்திருக்கும் பாட்டிலில் இரும்பு உப்புக் கரைசலைச் சொட்டு விட்டுத் திரும்பச் சூட்டில் வைப்போம். இந்தக் குடும்பத்தில் சில வகைகள் அந்த இரும்பை உள்ளே இழுத்துக்கொண்டு, பழைய ஆணி மாதிரி துருப்பிடித்து நிற்கும். கூடப் பிறந்தது போலவே இருக்கும் இன்னொரு வகை இழுக்காமல் வெள்ளையாகவே இருக்கும். தினமும் காலையில் லேபைத் திறந்ததும் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் அந்தப் பாட்டிலைத்தான் பார்ப்பேன். முதலில் ஓரத்தில் லேசாகப் பழுப்பு தட்டியது. பிறகு முழுசும் துரு.

“ஃபார்ச்சுயிட்டம்” என்றார் டாக்டர். சென்னையிலிருந்தும் பின்னால் அதே பெயர்தான் வந்தது. “அதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? தற்செயல். தற்செயலா வந்ததுன்னு பேரே வச்சிருக்காங்க. பெரும்பாலும் அப்படித்தான். சளியில தெரியும், ஒரு கெடுதலும் பண்ணாது, போயிரும்.” பாட்டிலை மேஜையில் வைத்தார். “ஆனா ரெண்டு தடவ தற்செயலா வருமா?”

டாக்டர் செல்வகுமார் மேலே லேபுக்கே வந்துவிட்டார். அவருடைய சங்கடம் எனக்குப் புரிந்தது. இந்தக் கிருமி சும்மா வந்தது என்றால் இருமலுக்கும் கறைக்கும் காரணம் வேறு, ஒருவேளை மெஷினுக்குத் தப்பிய டிபியே உள்ளே ஒளிந்திருக்கலாம். அதற்கு இன்னும் கடுமையான மருந்து தொடங்க வேண்டும். காதையோ கண்ணையோ பாதிக்கக்கூடிய மருந்துகள். இந்தக் கிருமிதான் நோய் என்றால் அந்த மருந்து ஒன்றுமே தேவையில்லை.

“ஸ்கேன்ல கறை எல்லாம் கீழ்ப் பாகத்துல இருக்கு மேடம். டிபி வழக்கமா மேல வரும். அதான் கை ஓட மாட்டேங்குது” என்றார்.

“எனக்குப் பேரு கெடச்சிருக்கு டாக்டர். இது ஏன் அவங்க நெஞ்சுக்குப் போச்சுன்னு கெடைக்கல. நல்லா இருக்குற நுரையீரல்ல இது குடியிருக்காது. இன்னும் ஒரு வாரம் பொறுப்பீங்களா?” என்று கேட்டார் டாக்டர் ஏலியம்மா. பிறகு என்னிடம், “மூணாவது சளிய நீயே முன்னால நின்னு வாங்கு. கொப்புளிக்க நம்ம காய்ச்சின தண்ணியக் குடு” என்றார்.

அப்படித்தான் நான் பேச்சியம்மாளை முதல்முதலாக நேரில் பார்த்தேன். அதுவரை எனக்கு அவள் ஒரு பாட்டில். சளி துப்புவதற்கென்று ஆஸ்பத்திரிக்குப் பின்னால் திறந்தவெளியில் ஒரு தகரக் கொட்டகை உண்டு. அங்கே ஒல்லியாக உட்கார்ந்திருந்தாள். எட்டி நின்ற இன்னொருத்தி சேலைத் தலைப்பால் மூக்கை மூடியிருந்தாள். அவள் முத்துலட்சுமி, பேச்சியம்மாளின் ஓரகத்தி. அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள், ஒரே வாசல், ஒரே ஜீப்.

“நீங்க பக்கத்துல வரலாம், காத்தோட்டமாத்தான இருக்கு” என்றேன் முத்துலட்சுமியிடம்.

“வீட்டுல கைப்பிள்ள இருக்குக்கா” என்றாள் அவள். நகரவில்லை.

பேச்சியம்மாள்தான் சிரித்தாள். “அவளக் குத்தம் சொல்ல முடியாதுக்கா. ஜீப்புல நெருக்கியடிச்சுத்தான் உக்காரணும். நான் இருமினா எல்லாரும் மூஞ்சியத் திருப்புவாக. ஒருநா டிரைவரு சொல்லிட்டாக, சொகமான பெறகு வா ஆத்தான்னு. மூணு மாசமா வீட்டுலதான் இருக்கேன். அப்பவும் எங்கூட ஆசுபத்திரிக்கு வர்றது இவதான்.”

கொப்புளிக்கச் சொல்லி மூடி போட்ட பாட்டிலில் தண்ணீர் கொடுத்தேன். ஒரு வாய் கொப்புளித்துவிட்டு மீதியை மடக் மடக்கென்று முழுவதும் குடித்துவிட்டாள். தாகமா என்று கேட்டேன். இல்லை, பழக்கம் என்றாள். பிறகு முன்னால் குனிந்து இருமி டப்பாவில் துப்பிக் கொடுத்தாள்.

சளியில் சாப்பாடு கலந்திருந்தால் வாங்கக் கூடாது. வேறு கேட்க வேண்டும். அதுதான் முறை. அவள் கொடுத்த டப்பாவில் பச்சையாக ஏதோ மிதந்தது. மூடியைத் திருகப்போன கை நின்றது. முருங்கைக்கீரை இலை. மெல்லாத மாதிரி முழுசாக, வதக்கிய பச்சை அப்படியே இருந்தது. கூட ஒன்றிரண்டு பருக்கை.

“காலையில கீரை சாப்பிட்டீகளா?”

“காலையில ஒண்ணும் சாப்புடலக்கா. வெறும் வயித்தோட வரச் சொன்னாகள்ல.”

“அப்ப இது எப்பத் தின்னது?”

டப்பாவை எட்டிப் பார்த்தாள். “இதா? முந்தாநாளு ராத்திரி ஆக்குனது.”

வேறு சளி வாங்கும் எண்ணமே போய்விட்டது. அங்கேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு மேலே ஓடினேன். டாக்டர் ஏலியம்மா படி இறங்கி வந்தார். பொதுவாக அவர் பேஷன்ட்டைப் பார்க்க வருவதே இல்லை. டப்பாவை வெளிச்சத்தில் பிடித்து, “நோக்கட்டே” என்று சொல்லிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கொட்டகையில் இருந்த பெஞ்சில் பேச்சியம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

“சாப்பிட்டது இப்படித் திரும்பி வருமா?”

“வரும் டாக்டரம்மா. குனிஞ்சா வரும். ராத்திரி படுத்தா வரும். அதனால செவத்துல சாஞ்சுதான் தூங்குவேன்.”

“வரும்போது புளிக்குமா? கசக்குமா?”

பேச்சியம்மாள் யோசித்தாள். “இல்ல. தின்ன ருசியிலயே வரும்.”

“சோறு எறங்குதா?”

“தண்ணி குடிச்சா எறங்கும். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்கு வேணும். இல்லாட்டி இங்கன நின்னுக்கிரும்.” நெஞ்சுக்குழியைத் தொட்டுக் காட்டினாள்.

எட்டி நின்ற முத்துலட்சுமி தலைப்பை விலக்கிவிட்டுப் பேசினாள். “தோட்டத்துல இவளுக்குன்னு தனிக் குடம் வேணும் டாக்டரம்மா. நாங்க தின்னு கை கழுவி வேலைக்குப் போயிருவோம், இவ உக்காந்துக்கிட்டே இருப்பா. சோம்பேறித்தனம்னு மேஸ்திரி வைவாரு. மாத்திரையக்கூட இடிச்சுத் தண்ணியில கரச்சுத்தான் குடிப்பா.”

“எத்தன வருஷமா?”

“நான் வாக்கப்பட்டு வந்ததுல இருந்து இப்படித்தான் பாக்குறேன்.”

“இத டாக்டர்கள்ட்ட யார்ட்டயாவது சொன்னீங்களா?” என்று டாக்டர் ஏலியம்மா பேச்சியம்மாளிடம் கேட்டார்.

“இருமலுக்குத்தான போனேன். இருமலத்தான கேட்டாக” என்றாள்.

டாக்டர் ஏலியம்மா எழுந்து நேராக டாக்டர் செல்வகுமாரின் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன், என்னைக் கூப்பிடாமலே. இரண்டு பேரும் அந்த ஸ்கேனைத் திரும்பத் திறந்து வைத்துப் பார்த்தார்கள். இதயத்துக்குப் பின்னால், உணவுக்குழாய் இருக்கும் இடத்தில், ஒரு அகலமான நிழல். டாக்டர் செல்வகுமார் விரலால் அதன் ஓரத்தை வரைந்தார். “நுரையீரலத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன் மேடம். இது கண்ணுல பட்டும் படல” என்றார். அவர் முகத்தில் வருத்தத்தைவிட ஆவல்தான் அதிகமாகத் தெரிந்தது. அன்றே வெள்ளை மருந்தைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுக்க ஏற்பாடு செய்தார்.

அந்தப் படத்தை நானும் பார்த்தேன். குடித்த மருந்து, வீங்கிப்போன உணவுக்குழாய் முழுவதும் ரொம்பி, வயிற்றில் இறங்குகிற வாய்க்கு வந்ததும் குருவி மூக்கு மாதிரிக் கூம்பி நின்றுவிட்டது. அந்த வாய் திறக்க மறுக்கிற நோய் அது. உள்ளே போகிற சோறு வயிற்றுக்குப் போகாமல் குழாயிலேயே நாள்கணக்கில் தங்கும். அமிலம் படாததால் புளிக்காது. படுத்தால் மேலே ஏறி, மூச்சுக்குழாய் வழியாகத் துளித் துளியாக நுரையீரலின் கீழ்ப் பாகத்துக்கு இறங்கும். அவள் குடம் குடமாகக் குடித்த ஓடைத் தண்ணீரில் இருந்த அந்தத் தற்செயல் கிருமிக்கு, எண்ணெயும் சோறும் சேர்ந்து ஒரு இடம் அமைத்துக் கொடுத்திருக்கிறது. அபூர்வம்தான், ஆனால் இந்த இரண்டும் ஒன்றாக வருவதைப் பற்றி மருத்துவப் புத்தகத்தில் இருக்கிறது என்று டாக்டர் ஏலியம்மா அன்று சாயங்காலம் எங்களுக்குப் படித்துக் காட்டினார். படித்துவிட்டு, “புத்தகத்துல இருந்தது. முருங்கைக்கீரை வந்துதான் எடுத்துக் குடுத்துச்சு” என்று சிரித்தார்.

மதுரைக்கு அனுப்பி, வாய் வழியாகக் குழாய் விட்டு, பலூன் வைத்து அந்த இடத்தை விரித்தார்கள். இந்தக் கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்று நாங்கள் சோதித்துச் சொல்ல, டாக்டர் செல்வகுமார் இரண்டு மருந்துகளை மாதக்கணக்கில் கொடுத்தார். மாதாமாதம் அவள் சளி வரும். முதலில் வளர்ந்தது. பிறகு குறைந்தது. பிறகு ஒரு பாட்டில் காலி பேஷன்ட் மாதிரியே சுத்தமாக இருந்தது. அதன் பிறகு வந்தவையும் அப்படியே. கடைசியில் துப்புவதற்குச் சளியே வரவில்லை என்று வெறும் டப்பாவோடு வந்து நின்றாள். கன்னம் கொஞ்சம் பூசியிருந்தது.

“அக்கா, அந்தக் கிருமிய நான் பாக்கலாமா?” என்று கேட்டாள்.

இத்தனை வருஷத்தில் ஒரு பேஷன்ட்டும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. டாக்டரைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். துருப்பிடித்த அந்தப் பாட்டிலை மாதிரிக்காக வைத்திருந்தோம். மூடி சீல் வைத்ததுதான். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் பேச்சியம்மாளும் முத்துலட்சுமியும் நிற்க, அந்தப் பக்கமிருந்து தூக்கிக் காட்டினேன். பேச்சியம்மாள் மூக்கு கண்ணாடியில் படுமளவுக்குக் குனிந்து பார்த்தாள்.

“இது எங்கன இருந்து வந்துச்சு?”

“தண்ணியில இருக்கும், மண்ணுல இருக்கும்” என்றார் டாக்டர் ஏலியம்மா. “ஓடையில, குழாயில, எல்லா இடத்துலயும்.”

“அப்ப இவுக எல்லாரும் குடிக்குற தண்ணியிலயும் இருக்குமா?”

“இருக்கலாம். அவங்களுக்கு ஒண்ணும் செய்யாது. உங்களுக்குச் சோறு தேங்கி நின்னதால தங்கிருச்சு.”

“என்கிட்ட இருந்து அவுகளுக்கு ஒட்டுமா?”

“ஒட்டாது. அப்பவும் ஒட்டியிருக்காது.”

பேச்சியம்மாள் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னாள். “எல்லாருகிட்டயும் இருக்குற ஒண்ணுக்காகத்தான் என்னய எறக்கிவிட்டாகளா.”

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு ஒன்று ஒத்துவராதபோது சொல்கிற மாதிரிச் சொன்னாள். முத்துலட்சுமி தரையைப் பார்த்தாள்.

டாக்டர் செல்வகுமார் வேலைக்குப் போகலாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரம் மருந்து வாங்க வந்தபோது கேட்டால் இன்னும் போகவில்லை என்றாள். டிரைவர் சீட்டைப் படித்துவிட்டுச் சரி என்றாராம். ஏறி உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து எதிர்ப்பக்கம் போய் நெருக்கிக்கொண்டார்களாம். அவளே இறங்கிவிட்டாள்.

டாக்டர் ஏலியம்மாவிடம் அதைச் சொன்னேன். கிறிஸ்துமஸ் விடுமுறை வந்தது. எப்போதும் தேனியில் பஸ் ஏறிக் குமுளி வழியாக ஊருக்குப் போகிறவர், “மல்லிகா, உன் நாத்தனார் உத்தமபாளையத்துலதான இருக்காங்க? முந்தின நாள் அங்க தங்கிக்கலாமா?” என்று கேட்டார். எதற்கு என்று கேட்காமல் நானும் கூடக் கிளம்பினேன். பேச்சியம்மாளுக்கு மட்டும் போன் பண்ணி, காலையில் ஜீப் நிற்கிற இடத்துக்கு வரச் சொன்னேன்.

கம்பம் ரோட்டில் ஒரு டீக்கடை முன்னால் ஜீப் நின்றது. மார்கழிக் குளிர். பெண்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தூக்குவாளிகளைக் காலடியில் அடுக்கிக்கொண்டு ஏறினார்கள். பேச்சியம்மாள் ஏறி ஓரத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் யாரும் உட்காராமல் இடம் விழுந்தது. ஜீப்பில் அந்த அளவு இடம் எங்குமே இல்லை.

டாக்டர் ஏலியம்மா பெட்டியை டிரைவரிடம் கொடுத்தார். “கட்டப்பனைக்குப் போகணும், அங்கேருந்து ஊருக்கு பஸ் இருக்கு. வழியில இறக்கிவிடுவீங்களா?”

“நீங்க முன்னால உக்காருங்கம்மா” என்றார் டிரைவர்.

“பின்னால போதும்” என்று சொல்லிவிட்டு, கஞ்சி போட்ட சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி, பேச்சியம்மாளுக்கு அருகில் இருந்த காலி இடத்தில் உட்கார்ந்தார். தோளோடு தோள் இடித்தது. ஒரு பெண் என்னிடம் குனிந்து, “யாருக்கா இவுக?” என்று கேட்டாள்.

“இவுகளுக்கு வந்த கிருமியக் கண்டுபிடிச்ச டாக்டர்” என்றேன்.

எதிர்ப்பக்கம் நெருக்கத்தில் இருந்த முத்துலட்சுமி டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, குனிந்தபடியே நடுவில் வந்து நின்றாள்.

“டாக்டரம்மா, வளைவுல ஒங்களுக்குத் தலை சுத்தும். என் எடத்துல போயி கம்பியப் பிடிச்சுக்கிட்டு உக்காருங்க. காத்து வரும்.”

டாக்டர் ஏலியம்மா அவள் முகத்தைப் பார்த்தார். மறுபேச்சில்லாமல் எழுந்து எதிர்ப்பக்கம் மாறிக்கொண்டார். முத்துலட்சுமி அந்த இடத்தில் உட்கார்ந்து, பேச்சியம்மாளை இடுப்பால் ஒரு தள்ளு தள்ளினாள்.

“நகந்து உக்காருடி. பாதி ஜீப்ப நீயே வச்சுக்கிட்டா எப்புடி.”

பேச்சியம்மாள் நகர்ந்தாள். விழுந்த இடத்தில் இன்னொருத்தி எதிர்ப்பக்கத்திலிருந்து எழுந்து வந்து உட்கார்ந்தாள். டிரைவர் பின்கதவுச் சங்கிலியை மாட்டினார். ஜீப் மலைப்பக்கம் திரும்பியதும் நான் தேனி பஸ்ஸைப் பிடிக்க நடந்தேன். அன்றைக்கு எனக்குக் காலை டூட்டி.